ஆலா விழாத கடலும் காணி விழுங்கும் வர்த்தமானியும்

“ஆலாய்ப் பறக்கிறான்” என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத தாய் எங்கள் வடமராட்சியில் இருந்ததில்லை. சோற்றுக்கு ஆலாய்ப் பறக்கிறான், காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான், வெளிநாடு போக ஆலாய்ப் பறக்கிறான். இத்தனை பறப்புக்கும் பெயர் கொடுத்த அந்த ஆலா எது என்று, பட்டம் பெற்றவர்களும் பத்திரிகையாளர்களும் கூடியிருந்த ஒரு சபையில் அண்மையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஆலமரம் என்றார். இன்னொருவர் ஆலாபனையோடு முடிச்சுப் போட்டார். தேநீர் கொண்டுவந்த பொடியன்தான் “அது கடற்குருவி ஐயா, முனையடியிலை நிக்கும்” என்றான். அவனுடைய தகப்பன் கடற்றொழிலாளி.

தமிழ் அகராதிகள் ஆலா என்பதைக் கடற்பறவை என்றே சொல்கின்றன. நீருக்கு மேலே ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தலைந்து இரைதேடும் அதன் இயல்பிலிருந்துதான் ‘ஆலாப் பறத்தல்’ என்ற வழக்கு வந்தது. சொல்லை வைத்துக்கொண்டு பறவையைத் தொலைத்தவர்கள் நாம். சாண்டில்யன் குமுதத்தில் எழுதிய ‘கடல் புறா’வைத் தொடர்ந்து வாசித்த தலைமுறை என்னுடையது. அந்தப் பெயருள்ள கப்பலின் பாய்மரங்களை எண்ணிச் சொல்லக்கூடியவர்களுக்குக் கடற்புறாவுக்கும் ஆலாவுக்கும் உள்ள வேறுபாடு தெரியாது.

இதை எழுத வைத்தவர் ரொறன்ரோவில் வசிக்கும் என் பழைய சகபாடி ஒருவர். ஒரே மேசையில் இருந்து செய்தி திருத்தியவர்கள் நாங்கள். மன்னார்த் திட்டுகளில் குஞ்சு பொரிக்கும் பறவைகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மனிசர் செத்தபோது வாய் திறக்காத உலகம் குருவிக்கு அழுகுது. நீயும் அந்தக் கூட்டத்திலை சேர்ந்திட்டியோ?” என்றார். நெடுநாள் நண்பர். அவருடைய கோபத்தின் வேர் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி பிழை. அது ஏன் பிழை என்பதை, அந்தப் பறவையை முதலில் அறிமுகம் செய்யாமல் சொல்ல முடியாது.

பருத்தித்துறை முனையில் வெளிச்சவீட்டுக்குக் கீழே வற்று நேரத்தில் தலைகாட்டும் முருகைக்கல் விளிம்பில் நீங்கள் காண்பது பெரும்பாலும் கொண்டை ஆலா. (போர்த்துக்கேயர் இந்த முனைக்குக் ‘கற்களின் முனை’ என்று பெயர் வைத்தது அந்தக் கல்லைப் பார்த்துத்தான், பருத்தியைப் பார்த்தது நாம்.) உடல் வெள்ளை, முதுகும் இறகும் சாம்பல். மஞ்சள் நிறத்தில் நீண்ட கூரிய அலகு. தலையில் கறுப்புத் தொப்பி. பிடரியில் எண்ணெய் வைக்காத பள்ளிக்கூடப் பொடியனின் தலைமயிர்போலச் சிலும்பி நிற்கும் கொண்டை. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அந்தத் தொப்பி நெற்றியிலிருந்து பின்வாங்கிவிடும். இறகை விரித்தால் நாலடிக்கு மேல். நிறையோ அரைக் கிலோவுக்கும் குறைவு. இதன் நெருங்கிய உறவான சிறு கொண்டை ஆலாவுக்கு அலகு செம்மஞ்சள். தூரத்தில் நின்று இரண்டையும் பிரித்தறிய அந்த அலகு ஒன்றே போதும்.

விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயரில் பேர்கியுஸ் என்ற பிரஷ்ய நாட்டு மருந்தாளர் ஒருவர் இருக்கிறார். தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் பக்கத்தில் அவர் சேகரித்து அனுப்பிய பறவையை வைத்து 1823இல் லிக்டென்ஸ்டைன் என்பவர் பெயரிட்டார். தென்னாபிரிக்கக் கரையிலிருந்து இந்து சமுத்திரத்தைச் சுற்றி அவுஸ்திரேலியாவையும் தாண்டி நடுப் பசிபிக் தீவுகள்வரை இது பரந்திருக்கிறது. எங்கள் சனங்கள் பரந்திருக்கும் நாடுகள் சிலவற்றின் கரைகளிலும் இதைக் காணலாம்.

ஆலா எப்படி மீன் பிடிக்கிறது என்பதைப் பத்து நிமிடம் கரையில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அலகை நேரே கீழ்நோக்கி வைத்துக்கொண்டு பறக்கும். ஓரிடத்தில் சிறகடித்துத் தயங்கும். பிறகு கல் விழுவதுபோல விழும். ஒரு மீற்றர் ஆழத்துக்கு மேல் அதனால் போக முடியாது. ஆகவே மேல்நீரில் ஓடும் சூடையும் நெத்தலியும் கீரிமீனும்தான் அதன் உணவு. சூரையும் பாரையும் கீழிருந்து துரத்தும்போது இந்தச் சிறுமீன்கள் மேலே எழும். அந்த நேரத்துக்காகவே ஆலா காத்திருக்கிறது. ஆலாவுக்காகக் கடற்றொழிலாளி காத்திருந்தான். என் அம்மான் ஒருவர் கட்டுமரத்தில் போனவர். அவர் சொன்ன பாடம் இரண்டே வரி: “ஆலா திரியிற இடத்திலை வலையை விடாதை. ஆலா விழுற இடத்திலை விடு.” எதிரொலிக் கருவியும் கைத்தொலைபேசியும் வருமுன்னர் கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று வானத்தில் எழுதிக் காட்டியது இந்தப் பறவைதான்.

இனி மன்னாருக்கு வருவோம். கொண்டை ஆலா எங்கள் முனையில் இளைப்பாறும். முனையில் குஞ்சு பொரிக்காது. அதற்கு நாயும் நரியும் மனிதனும் மிதிக்காத மணல் வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் அவரவர் விருப்பப்படி அழைக்கும் மணற்றிட்டுகள் அத்தகைய இடம். சோளகம் வீசும் மாதங்களில் அங்கே கொண்டை ஆலாவோடு வேறு பல ஆலா இனங்களும் கூட்டங்கூட்டமாக முட்டையிடுகின்றன. இலங்கையில் கடற்பறவைகள் இப்படிக் குடியேறிக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் இதற்கு இணையானது வேறில்லை.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மணலில் நெஞ்சால் அழுத்திச் செய்த ஒரு குழி. அதில் ஒரு முட்டை. இரண்டு என்பது அரிது. பக்கத்துப் பறவையை அலகால் எட்டக்கூடிய நெருக்கத்தில் ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும்போதும் தன் முட்டை எது என்று தாய்க்குத் தெரியும். முட்டைக்கு முட்டை நிறமும் புள்ளியும் வேறு. ஏறத்தாழ நான்கு வாரம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. இங்கே அடைகாத்தல் என்பது சூடேற்றுவது மட்டுமன்று. எங்கள் வெயிலில் நிழல் கொடுப்பதுதான் பெரிய வேலை. நண்பகலில் ஒரு வள்ளம் வந்து கரைதட்டி நாலு பேர் இறங்கினால் கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். அவர்கள் ஒரு முட்டையைக்கூடத் தொடத் தேவையில்லை. சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் மணல் முட்டைகளை அவித்துவிடும். பொரித்த குஞ்சுகள் சில நாட்களில் மந்தையாகச் சேர்ந்து திரியும். அந்த மந்தைக்குள் தன் குஞ்சின் குரலை அடையாளம் கண்டு ஒரு தடவைக்கு ஒரு மீனாகக் கொண்டுவந்து கொடுக்கும் தாயும் தகப்பனும். குஞ்சு பறக்க ஏறத்தாழ நாற்பது நாள். பறந்த பிறகும் மூன்று நான்கு மாதம் பின்னாலேயே கத்திக்கொண்டு திரிந்து ஊட்டச் சொல்லும். விழுந்து மீன் பிடிப்பது இலேசில் கைவரும் தொழில் அல்ல.

வருடத்துக்கு ஒரு குஞ்சு. ஆனால் ஆயுளோ நீண்டது. இருபது வருடம் வாழக்கூடிய பறவை. ஆகவே ஐந்து வருடம் தொடர்ந்து ஒரு குஞ்சுகூடத் தேறாவிட்டாலும் முனையில் நிற்கும் பறவைகளின் எண்ணிக்கை உங்கள் கண்ணுக்குக் குறையாது. கிழட்டுப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு ‘எல்லாம் இருக்குத்தானே’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு நாள் ஒன்றும் இருக்காது. இளைஞர்கள் வெளியேறிய எங்கள் கிராமங்கள் சிலவற்றை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். நண்பர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

நண்பருடைய கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டென்றேன். அதைச் சுருக்கமாகவன்றி விரிவாகவே சொல்லவேண்டும். வடக்கில் ‘இயற்கை பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு ஒரு நாற்றம் உண்டாகியிருக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பின்னர் மீளக் குடியேறச் சென்றவர்கள் தங்கள் காணியில் முதலில் கண்டது இராணுவ முட்கம்பி. அதற்கு அடுத்ததாகக் கண்டது திணைக்களங்களின் எல்லைக்கல். சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலிருந்து பறவைகள் சரணாலயம்; அதை ஆட்சேபித்தவர் எவருமில்லை. 2015 ஜூன் 22ஆம் திகதி அது 19,565 ஹெக்டேயர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக விரிக்கப்பட்டபோது தங்கள் தொழில் நிலங்களும் எல்லைக்குள் போய்விட்டன என்று அங்குள்ளவர்கள் முறையிட்டார்கள். அதே நாட்களில் 18,990 ஹெக்டேயர் ஆதாம் பாலம் கடல்சார் தேசியப் பூங்காவும், நெடுந்தீவில் இன்னொரு பூங்காவும் பிரகடனமாகின. 2025 மார்ச் 28ஆம் திகதி வந்த காணி நிர்ணய வர்த்தமானி வடக்கில் சுமார் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி கேட்டது. உறுதி எரிந்தவனும் உறுதியோடு கடல் கடந்தவனும் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவான்? உயர் நீதிமன்றம் ஜூனில் அதை இடைநிறுத்த நேர்ந்தது. அது பறவைக்கான வர்த்தமானி அல்ல. ஆனால் வர்த்தமானி என்ற கடதாசியைக் கண்டாலே எங்கள் சனம் ஏன் திடுக்கிடுகிறது என்பதை அது விளக்கும்.

கொழும்பிலிருந்து வரும் பாதுகாப்பாளர்களுக்கு இந்த வரலாறு தெரியவேண்டும். வரைபடத்தில் கோடு கீறிவிட்டு மக்களுக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகை நடுவதால் ஒரு குஞ்சும் தேறாது. கடலில் யார் எப்போது இறங்குகிறான் என்பதைக் கரையில் இருப்பவனே அறிவான். அவனைக் கள்வனாக்கிவிட்டு எவரைக் காவலுக்கு வைக்கப் போகிறீர்கள்? 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இந்தப் பறவைகளை என்றோ பாதுகாத்துவிட்டது, கடதாசியில்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் நண்பரிடம் எனக்கொரு கேள்வி உண்டு. ஆலா பட்டினி கிடக்கும் கடலில் எங்கள் சம்மாட்டிமாரும் அவர்களின் ஆட்களும் எதைப் பிடிக்கிறார்கள்?

இழுவைப் படகுகளின் கதையை வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு கீறின. யுத்த காலத்தில் எங்கள் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தபோது தமிழகத்து இழுவைப் படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டித் தொழில் செய்யப் பழகிக்கொண்டன. யுத்தம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் கடலடி இழுவைத் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அதே வருடம் தமிழகத்தில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டது. திரும்பியவை மிகச் சொற்பம். 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குக் கறுப்புக்கொடியோடு வள்ளங்கள் ஊர்வலமாக வந்தன. அந்தப் படகுகள் கீழே விரிப்பது வலையல்ல; உழுபடை. கடற்சாதாழையையும் அதற்குள் வளரும் குஞ்சுமீனையும் சேர்த்துக் கிளறிக்கொண்டு போகிறது. இன்றைய குஞ்சுமீன்தான் நாளை மேல்நீருக்கு வரவேண்டிய கூட்டம். தொப்புள்கொடி உறவு என்ற சொல்லை மேடையில் சொல்லிவிட்டு இரவில் வலையை இழுக்கும் அரசியலை நாம் எத்தனை காலம் வாய்மூடிப் பொறுக்கப் போகிறோம்?

அக்கரையை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் அரைப் பத்திரிகையாளன். சுருக்குவலை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. இரவில் வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டி வளைத்து அள்ளுகிறவர்களும், டைனமைற் வீசுகிறவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதினால் ‘இனத்தைக் காட்டிக்கொடுக்கிறான்’ என்பார்கள். எழுதாத காரணத்தால் சூடை வந்து குவிந்துவிட்டதாகத் தெரியவில்லை.

போன வருடம் முனையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் கேட்டேன்: “அண்ணை, ஆலா குறைஞ்சு போச்சோ?”

அவர் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தார். “ஆலா குறைஞ்சுதோ தெரியாது தம்பி. விழுறது குறைஞ்சு போச்சு.”

அம்மானுடைய இரண்டு வரியை அறிந்தவர்களுக்கு இந்தப் பதிலின் பாரம் விளங்கும்.

சேது சமுத்திரத் திட்டத்தைத் தொடாமல் இதை முடிக்க முடியாது. 2005 ஜூலை 2ஆம் திகதி மதுரையில் மன்மோகன் சிங் அதை ஆரம்பித்து வைத்தார். 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடுத்தது. அந்த இரண்டு வருடமும் அதன் பின்னரும் தமிழகமே இரண்டாகப் பிரிந்து நின்று வாதாடியது: இராமர் கட்டினாரா, இராமர் எந்தப் பொறியியற் கல்லூரியில் படித்தார்? ஆத்திகரும் நாத்திகரும் தொண்டை கிழியப் பேசினார்கள். திட்டுகளில் இன்று, இந்தச் சோளகத்தில், யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டவர்களின் குரல் அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. 2023 ஜனவரியில் தமிழகச் சட்டசபை அந்தத் திட்டத்தை நிறைவேற்றக் கோரி மறுபடியும் தீர்மானம் போட்டது. அதே வருடம் ஜூலையில் டெல்லியும் கொழும்பும் தரைவழித் தொடர்பு பற்றி ஆராய்வதாக ஆவணத்தில் எழுதிக்கொண்டன. கால்வாய் வெட்டினாலும் பாலம் போட்டாலும் வழியில் நிற்பது அதே மணல்தான்.

மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 2020 டிசெம்பரில் ‘தம்பபவனி’ திறக்கப்பட்டபோது பறவைகளுக்காகப் பேசியவர்களைப் பலர் நையாண்டி செய்தார்கள். அதானியின் திட்டம் வந்தது; வழக்குகள் வந்தன; 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார்ச் சனங்களே வீதியில் இறங்கினார்கள். அவர்கள் பேசியது வெள்ளம் வடியாத தங்கள் காணியைப் பற்றி, கரைவலை பற்றி, காற்று பற்றி. வலசைப் பறவைகளின் பாதையும் அவர்களுடைய காணிக்கு மேலாகத்தான் போகிறது. மனிசருக்கா குருவிக்கா என்று கேட்கும் நண்பர் மன்னாருக்குப் போய் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அந்தப் பாதை எவ்வளவு நீளமானது என்பதற்கு ஒரு செய்தி. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் மன்னாரில் ஒரு கடற்புறாவின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி, மேகா என்று பெயரிட்டு விட்டார்கள். அது இந்தியாவைக் கடந்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ருஷ்யாவின் வடமுனைக் கரையிலுள்ள யமால் குடாநாட்டுக்குப் போய்க் கோடையைக் கழித்துவிட்டுத் திரும்பவும் மன்னாருக்கே வந்தது. போக்கும் வரவுமாகப் பத்தொன்பதாயிரம் கிலோமீற்றருக்கு மேல். ஆங்கிலப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. தமிழ்ப் பத்திரிகைகளில் நான் தேடிய அளவில் கண்டது ஓரிரு பத்தி.

இந்தக் குற்றச்சாட்டில் முதல் எதிரி நான்தான். செய்தி மேசையில் இருந்த காலத்தில், மன்னார் நிருபர் ஒருவர் திட்டுகளில் ஆலா முட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பொறுக்குகிறார்கள் என்று கையெழுத்துப் பிரதி அனுப்பியிருந்தார். அன்று பக்கம் முழுவதும் வேறு செய்தி. எந்தச் செய்தி என்று சொல்லத் தேவையில்லை. நான் அதன் தலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கூடைக்குள் எறிந்தேன். எறிந்தபோது என் மேசைக்கு எதிரே இருந்து சிரித்தவர் இன்று ரொறன்ரோவில் இருக்கிறார். மறுநாளும் அதற்கு மறுநாளும்கூடப் பக்கத்தில் இடம் இருந்திருக்காது என்பது உண்மை. ஆனால் பத்து வருடம் கழித்தும் இடம் கிடைக்கவில்லை என்பதற்கு யுத்தத்தைச் சாட்டு சொல்ல என்னால் முடியாது.

என்ன வேண்டும் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. புதிய வர்த்தமானி வேண்டாம். சோளக மாதங்களில் திட்டுகளில் எவரும் இறங்குவதில்லை என்ற ஒழுங்கைத் தலைமன்னார், பேசாலைச் சங்கங்களே எழுதிக்கொள்ளட்டும். அதைக் காக்கும் பொறுப்பும் அதற்கான எரிபொருட் செலவும் அவர்களிடமே போகட்டும். திணைக்களம் அவர்களுக்குப் பின்னால் நிற்கட்டும், முன்னால் அல்ல. கடலடி இழுவையைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஒரே மாதிரி அமுல்படுத்தட்டும். பல்கலைக்கழகங்கள் சேர்த்து வைத்திருக்கும் கணக்குகளைத் தமிழில் அச்சிட்டு மீனவர் சங்கக் கட்டடங்களின் சுவரில் ஒட்டட்டும்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்யக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நண்பருக்கு இந்தக் கட்டுரையை முதலில் அனுப்பினேன். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்தார். வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் தாயார் திட்டும்போது சொன்ன ஆலா இதுதானா என்று கேட்டார். ஆம் என்றேன். ஒரு படம் அனுப்பச் சொன்னார். முனைக்கல்லில் நிற்கும் படமொன்று என்னிடம் இருந்தது, அனுப்பினேன். விழும்போது எடுத்த படம் இல்லையா என்று திருப்பி எழுதியிருக்கிறார். அதற்காகக் கடந்த இரண்டு வாரமாகக் காலையில் முனைக்குப் போய்வருகிறேன். இன்னும் கிடைக்கவில்லை.